மதுரைச் சூட்டில் மினியேச்சர் பெயிண்டிங்: கோளாறைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்க

28 மி.மீ. உயர மினியேச்சர் சிப்பாய் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கக் கற்றுத்தரும் வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே ஒரு கோட்டிங் காய்வதற்குக் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் ஹேர் டிரையரால் ஊதுகிறார்கள். அதே முறையை மதுரையில் சித்திரை மாதம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்தால், பிரஷ் பொம்மையைத் தொடுவதற்குள் நுனி காய்ந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் தங்கள் கைமேலோ பெயிண்ட் மேலோ பழியைப் போட்டு, இன்னும் விலை கூடிய பெயிண்டை வரவழைக்கிறார்கள். அதற்கு முன் தண்ணீரையும் காற்றையும் சூட்டையும் பாருங்கள். நம் ஊரில் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கறுப்பு, கருநீலப் பகுதிகளில் காய்ந்ததும் வெள்ளைப் படிவு

வாஷ் (மடிப்புகளில் ஓடி நிழல் காட்டும் நீர்த்த பெயிண்ட்) பூசியபோது நன்றாக இருந்தது. காய்ந்ததும் மடிப்புகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு. இது போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரின் உப்பு. உறுதிசெய்ய ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து வையுங்கள். அதன்மேல் தள்ளித் தள்ளி மூன்று சொட்டு விடுங்கள்: ஒன்று போர் தண்ணீர், ஒன்று கேன் தண்ணீர், ஒன்று பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர். விசிறி இல்லாமல் தானாகக் காயட்டும். போர் தண்ணீர் இருந்த இடத்தில் வெள்ளை வட்டம் நிற்கும். ஓரம் தடிப்பாக, நடுவில் மெல்லிய படலமாக, நகத்தால் சுரண்டினால் மாவாக வரும். கேன் தண்ணீரில் மங்கலான வளையம் தெரியலாம், தெரியாமலும் போகலாம். பேட்டரி தண்ணீரில் ஒன்றும் இருக்காது.

பேட்டரி கடையிலும் மெக்கானிக் கடையிலும் டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டால் தருவார்கள். பேட்டரி ஆசிட் வேறு பொருள், லேபிளைப் படித்து வாங்குங்கள். ஒரு லிட்டர் பல மாதம் வரும். பிரஷ் அலசக் குழாய்த் தண்ணீரே போதும். பெயிண்டில் கலக்கவும், பிரஷ்ஷைக் கடைசியாக ஒருமுறை முக்கவும் மட்டும் இதைப் பயன்படுத்தினால் சரி.

ஏற்கெனவே படிந்ததை எடுக்க, வெள்ளை வினிகர் ஒரு பங்கு, பேட்டரி தண்ணீர் பத்துப் பங்கு கலந்து, பிரஷ் நுனியால் அந்தக் கோட்டில் மட்டும் தொட்டு, டிஷ்யூவால் ஒற்றி, பிறகு சுத்தத் தண்ணீரால் ஒருமுறை துடையுங்கள். பெயிண்ட் காய்ந்து இரண்டு மூன்று நாள் ஆன பொம்மையில் மட்டும் செய்யுங்கள்.

பிரஷ் நுனியில் பெயிண்ட் காய்கிறது, கோடு பாதியில் அறுகிறது, திப்பி திப்பியாக ஒட்டுகிறது

முதல் குற்றவாளி மின்விசிறி. அக்ரிலிக் பெயிண்ட் தண்ணீர் ஆவியாவதால்தான் காய்கிறது. மேலிருந்து காற்று அடித்தால் அது சில நொடிகளில் நடந்துவிடும். கத்திரி வெயிலில் விசிறியை நிறுத்தி உட்காரச் சொல்வது நடக்காத காரியம். மேஜையை விசிறிக்கு நேர் கீழிருந்து சுவரோரம் நகர்த்தி, மூன்று பக்கமும் அட்டையை நிறுத்தினாலே பெரிய வித்தியாசம் தெரியும். டேபிள் ஃபேன் என்றால் காற்று உங்கள் முதுகில் படட்டும், பெயிண்ட் கலக்கும் பேலட்டில் படக்கூடாது.

அடுத்தது வெட் பேலட், அதாவது பெயிண்டைக் காயவிடாமல் வைத்திருக்கும் ஈரத் தட்டு. இங்கே இதை வசதிக்கான பொருளாக நினைக்காதீர்கள், இது இல்லாமல் ஏப்ரலில் வேலை ஓடாது. மூடி இறுக்கமான, தட்டையான பிளாஸ்டிக் டப்பா ஒன்று. அடியில் நான்கைந்து மடிப்பு டிஷ்யூ அல்லது மெல்லிய ஸ்பாஞ்ச். தண்ணீர் ஊற்றி, டப்பாவைச் சாய்த்தால் ஓடாத அளவுக்கு மிச்சத்தை வடித்துவிடுங்கள். மேலே கேக் சுடப் பயன்படும் பேக்கிங் பேப்பர். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: ஸ்டேஷனரி கடையில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் வரைபடம் எடுக்கும் டிரேசிங் பேப்பரைத் தருவார்கள். அது ஈரத்தில் சுருங்கி மேடு பள்ளமாகிவிடும். மெழுகு பூசிய காகிதமோ தண்ணீரையே மேலே விடாது. கேக் சாமான் விற்கும் கடையில், ஓவனில் வைக்கும் காகிதம் என்று கேட்டு வாங்குங்கள். ஓரத்தில் குமிழ் இல்லாமல் விரலால் நீவி ஒட்டவைக்க வேண்டும். குமிழ் இருக்கும் இடத்தில் பெயிண்ட் காயும்.

மூடி வைத்தால் பெயிண்ட் மறுநாளும் கிடைக்கும். ஆனால் நம் சூட்டில் இரண்டு மூன்று நாளில் பேலட் நாற ஆரம்பிக்கும். நாற்றம் வந்தால் டிஷ்யூவைத் தூக்கி எறிந்து, டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, புதிதாகப் போடுங்கள். மூடிய டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்தால் கூடுதல் நாள் தாங்கும்.

காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் விடுவதானால் பெயிண்ட் ஐந்து சொட்டுக்கு ஒரு சொட்டுக்கு மேல் போகாதீர்கள்; கூடினால் அந்தக் கோட்டிங் பிசுபிசுப்பாகவே கிடக்கும். மருந்துக்கடைக் கிளிசரினைக் கலக்கும் யோசனையும் சுற்றிவருகிறது. கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சித்திரையில் நன்றாக இருப்பது ஐப்பசியில் விரலில் ஒட்டும். வேண்டாம்.

பதம் சரியா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தில் ஒரு கோடு இழுங்கள். நகத்தின் ஓரப் பள்ளத்தில் ஓடினால் தண்ணீர் கூடிவிட்டது. கோட்டில் பிரஷ் முடியின் வரிகள் தெரிந்தால் கெட்டி.

பிரைமர் அடித்த பிறகு உடம்பெல்லாம் உப்புத்தாள் போல் சொரசொரப்பு

பிரைமர் என்பது பெயிண்ட் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சு. ஸ்ப்ரேயின் துளி பொம்மையில் படுவதற்கு முன்பே காற்றில் காய்ந்து, தூசாகப் போய் ஒட்டியிருக்கிறது. நடுப்பகலில் மொட்டை மாடியில் அடித்தால் இப்படித்தான் ஆகும். காலை ஏழு, ஏழரை மணிக்குள், காற்று இல்லாத இடத்தில், 20 செ.மீ. தூரத்தில் அடியுங்கள். டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கிவிட்டு, பொம்மைக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, அதைக் கடந்த பிறகே விரலை எடுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் வழிந்து முகத்தின் வெட்டுகள் மூடிவிடும்.

ஸ்ப்ரே டப்பாவை வெந்நீரில் வைத்துச் சூடேற்றச் சொல்வது பனிநாட்டு அறிவுரை. இங்கே அதைச் செய்யவே கூடாது. மாடியில் வெயிலில் மறந்து வைப்பதும் பைக் பெட்டியில் போட்டு எடுத்துவருவதும்கூட ஆபத்து. 50 டிகிரிக்கு மேல் சூடேறக்கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருப்பார்கள்.

லேசான சொரசொரப்பு என்றால், காய்ந்தபின் பழைய டூத் பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்தால் தூசு உதிர்ந்துவிடும். மேலங்கியும் முகமும் மோசமாக இருந்தால் பிரைமரைக் கழற்றிவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது. அந்தச் சொரசொரப்பில் வாஷ் விட்டால் ஒவ்வொரு துகளும் கறுப்புப் புள்ளியாக எழுந்து நிற்கும்.

பிரைமர் தோலாக உரிகிறது, அல்லது நாள் கணக்கில் ஒட்டுகிறது

உரிந்தால் அடியில் எண்ணெய் இருக்கிறது. வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகக் கழன்றுவரத் தடவிய பொருள் ரெசின் பொம்மையிலும் உலோகப் பொம்மையிலும் மிச்சமிருக்கும். அதோடு நம் கை வியர்வையும் சேரும். பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், டூத் பிரஷ். தேய்த்து அலசி ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள். அதற்குப் பிறகு பொம்மையைக் கையால் தொடாதீர்கள். காலி மாத்திரை டப்பாவின் மூடியில் இருபக்க டேப் ஒட்டி, அதில் நிறுத்திப் பிடித்து வேலை செய்யுங்கள். மூக்கு, தோள், தொப்பி விளிம்பில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து உலோகம் தெரிகிறதென்றால் அது விரலின் வேலை.

3டி பிரிண்டரில் எடுத்த ரெசின் பொம்மை பிசுபிசுத்தால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் சரியாகக் கழுவாமல் யுவி வெளிச்சம் காட்டியிருக்கிறார்கள். கையுறை போட்டுக்கொண்டு மறுபடி கழுவி, ஆல்கஹால் முழுக்க ஆவியான பிறகு வெளிச்சம் காட்ட வேண்டும். நம் வெயிலே அதற்குப் போதும். மணிக்கணக்கில் விட்டால் ரெசின் மஞ்சளித்து நொறுங்கும்.

போர்டு கேம் பெட்டியில் வரும் வளையும் பிளாஸ்டிக் பொம்மைகளில் ஸ்ப்ரே பிரைமர் சில நேரம் காயவே காயாது. அந்த பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கும் பொருளும் ஸ்ப்ரேயின் கரைப்பானும் சேர்ந்து செய்யும் வேலை அது. அவற்றுக்குப் பிரஷ்ஷால் பூசும் தண்ணீர் பிரைமர்தான் ஏற்றது. ஒரு பொம்மையின் அடிப்பக்கத்தில் அடித்துப் பார்த்து, மறுநாள் தொட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றில் கை வையுங்கள்.

மேட் வார்னிஷ் அடித்ததும் பொம்மை முழுக்கப் பனிமூட்டம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் கோளாறு இது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அந்த வார்னிஷுக்குள்ளேயே படிந்து வெண்மையாகிவிடுகிறது. டப்பாவைச் சரியாகக் குலுக்காவிட்டாலும், கனமாக அடித்தாலும் இதே வெண்மை வரும், அப்போது காரணம் பளபளப்பைக் குறைக்கச் சேர்த்த பொடி.

பதறிப்போய் மேலே இன்னொரு மேட் கோட்டிங் அடிக்காதீர்கள். மழை விட்ட உலர்ந்த நாள் வரை காத்திருந்து, பிரஷ்ஷால் பூசும், பளபளக்கும் கிளாஸ் (gloss) வார்னிஷை மெல்லியதாக ஒரு கோட்டிங் கொடுங்கள். வெண்மை என்பது மேற்பரப்பின் நுண்ணிய பள்ளங்கள் ஒளியைச் சிதறடிப்பது. கிளாஸ் அந்தப் பள்ளங்களை நிரப்புவதால் பெரும்பாலும் அடியிலுள்ள நிறம் திரும்பிவிடும். பிறகு பிரஷ்ஷால் பூசும் மேட். மழைமாதங்களில் ஸ்ப்ரே வார்னிஷை மறந்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்; தண்ணீர் வார்னிஷை இரண்டு மெல்லிய கோட்டிங்காகப் பூசினால் ஒரு குறையும் இல்லை.

வாஷ் வளையமாகக் காய்கிறது

உப்புச் சோதனை செய்தும் வளையம் வருகிறது, நிறமும் வெள்ளை இல்லை, வாஷின் நிறமே என்றால், விளிம்பு முதலில் காய்ந்து நிறமித்துகளைத் தன்பக்கம் இழுத்திருக்கிறது. விசிறிக் காற்று இதையும் கூட்டும். தண்ணீருக்குப் பதில் மேட் மீடியம் (நிறமி இல்லாத பெயிண்ட் பசை) கலந்து நீர்க்கச் செய்யுங்கள். தேங்கிய இடத்தைப் பிழிந்த பிரஷ்ஷால் ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சி எடுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததில் கை வைத்தால் கிழிந்த தோலாக வரும், அப்போது அரை மணி நேரம் விட்டுவிடுவதே மேல்.

தோல் நிறம் சாம்பல் பூத்து, உயிரில்லாமல் இருக்கிறது

இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழிகாட்டிகள் வெளிறிய தோலுக்கே எழுதப்படுகின்றன. 1763–64 மதுரை முற்றுகையை மேஜையில் கொண்டுவர நினைப்பவர் யூசுப் கானின் (மருதநாயகம்) ஆட்களுக்கும், கோட்டையைச் சூழ்ந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களுக்கும் நம் தோல் நிறத்தையே கொடுக்க வேண்டும். பழுப்பில் வெள்ளையைக் கலந்து, வெளிச்சம் படும் மேடுகளை ஹைலைட் செய்தால் அது சாம்பலாகிவிடும். வெள்ளை ஒரு நிறத்தை வெளுக்கச் செய்வதோடு குளிர்ச்சியாகவும் ஆக்கும். கறுப்பைக் கலந்து நிழல் போட்டால் அழுக்காகத் தெரியும்.

அடிநிறம்: பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) இரண்டு பங்கு, பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) ஒரு பங்கு. இன்னும் கறுத்த தோல் வேண்டுமென்றால் பங்கை மாற்றிப் போடுங்கள். நிழலுக்கு அந்த அடிநிறத்தில் கருநீலமோ ஊதாவோ கொஞ்சம். கண்குழி, தாடைக்குக் கீழ், கழுத்துப் பட்டிக்குள் மட்டும். வெளிச்சத்துக்கு அடிநிறத்தில் எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), கூடவே ஆரஞ்சு ஒரு துளி. கடைசிப் புள்ளிக்கு ஆக்கரில் யானைத் தந்த நிறம் கலந்து மூக்கு நுனி, கன்ன எலும்பு, விரல் முட்டியில் மட்டும் வையுங்கள்.

கறுத்த தோலில் வெளிச்சம் பரவுவதில்லை, பளிச்சென்று சின்ன இடத்தில் நிற்கும். வெயிலில் நிற்கும் எவருடைய நெற்றியையும் தோளையும் பாருங்கள், தெரியும். அதனால் ஹைலைட்டின் பரப்பைக் குறைத்து, வேறுபாட்டைக் கூட்ட வேண்டும். எல்லாம் முடிந்து மேட் வார்னிஷ் பூசிய பிறகு, தோலில் மட்டும் லேசாக மினுங்கும் சாட்டின் வார்னிஷ் ஒரு தொடுதல் கொடுத்தால் வியர்வையின் மினுமினுப்பு வந்துவிடும். உள்ளங்கையும் பாதத்தின் அடியும் இளம் நிறம். அடிநிறத்தில் ஆக்கரும் கொஞ்சம் இளஞ்சிவப்பும்.

கண் முறைத்துப் பார்த்தால், விழி முழுவதும் தெரியும்படி வட்டமாகப் புள்ளி வைத்திருப்பீர்கள். விளாச்சேரிக் கொலு பொம்மையின் அகன்ற கண் தூரத்திலிருந்து பார்ப்பதற்கு அழகு. இந்த அளவில் அது மிரட்சியாக மாறிவிடும். தூய வெள்ளைக்குப் பதில் தந்த நிறம் பூசி, மேலிமையிலிருந்து கீழிமை வரை தொடும் ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். பிசிறைத் தோல் நிறத்தால் திருத்துங்கள்.

சிவப்பும் மஞ்சளும் மூடவில்லை, வெள்ளை சுண்ணாம்பாக இருக்கிறது

சிவப்பு, மஞ்சள் நிறமிகளில் பல, ஒளியை ஊடுருவ விடுபவை. கறுப்புப் பிரைமரில் எத்தனை கோட்டிங் போட்டாலும் தடிப்பு ஏறுமே தவிர நிறம் வராது. கம்பெனிச் சிப்பாயின் சிவப்புச் சட்டைக்கு முதலில் செம்பழுப்பு, மஞ்சளுக்கு ஆக்கர் அல்லது இளஞ்சிவப்பு. அதன்மேல் இரண்டு மெல்லிய கோட்டிங் போதும். சிவப்பின் ஹைலைட்டுக்கு ஆரஞ்சு. வெள்ளை கலந்தால் ரோஸ் ஆகிவிடும். வெள்ளை உடைக்கு இளஞ்சாம்பலில் தொடங்கி, மடிப்பின் முகட்டில் மட்டும் வெள்ளைக்குப் போங்கள்.

துணிக்கும் பானைக்கும் ஆன கைவினைப் பெயிண்ட்களில் நிறமித்துகள் பெரிது. அவற்றை முகத்தில் பயன்படுத்தாதீர்கள். தரைக்கும் சுவருக்கும் பாறைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், காசு மிச்சம்.

மேட் பெயிண்ட் திட்டுத்திட்டாகப் பளபளக்கிறது

பாட்டிலுக்குள் நிறமி அடியில் தங்கி, மேலே நிறமியைப் பிணைக்கும் பைண்டர் மட்டும் வந்திருக்கிறது. நெடுநாள் நின்ற பாட்டிலில் இது சகஜம். பாட்டிலுக்குள் ஒரு கண்ணாடிப் பாசிமணி போட்டுவிடுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் பாசிமணி கிடைக்காத இடம் இல்லை. சைக்கிள் கடை இரும்புக் குண்டு துருப்பிடித்து நிறத்தையே கெடுக்கும்.

மற்ற நிறத்தில் மினுக்குத் துகள் தெரிந்தால், மெட்டாலிக் அடித்த பிரஷ்ஷை அதே தண்ணீரில் அலசியிருப்பீர்கள். மெட்டாலிக்குக்குத் தனி டம்ளர், தனி பிரஷ்.

பிரஷ் நுனி இரண்டாகப் பிளக்கிறது

தகரப் பூணுக்குள் பெயிண்ட் காய்ந்து முடியை விரித்திருக்கிறது. முடியின் பாதிக்கு மேல் பெயிண்ட் ஏறக்கூடாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை அலசுங்கள், பெயிண்ட் தீரும்வரை காத்திருக்காதீர்கள். முடிக்கும்போது குளியல் சோப்பில் சுழற்றி, நுரை வெள்ளையாக வரும்வரை கழுவி, நுனியை விரலால் கூராக்கிப் படுக்க வையுங்கள். சிந்தெடிக் பிரஷ்ஷின் நுனி கொக்கியாக வளைந்தால் வெந்நீரில் சில நொடி முக்கி விரலால் நேராக்கலாம், ஆனால் திரும்பவும் வளையும். அதை டிரை பிரஷ்ஷுக்கு (பெயிண்டைத் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் உரசுவதற்கு) ஒதுக்கிவிடுங்கள். இயற்கை முடி பிரஷ்ஷைத் திறந்து வைத்தால் பூச்சி அரிக்கும், மூடிய டப்பாவில் வையுங்கள்.

ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைப் புகை, வளைந்த ஈட்டி

ஃபெவிக்விக் வகைப் பசையின் ஆவி காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து படிவதுதான் அந்தப் புகை. பசை கூடினால் புகை கூடும். குண்டூசி முனையளவு போதும், அதுவும் பெயிண்டுக்கு முன்பே. கனமான உலோகக் கை அடிக்கடி கழன்றால், 1 மி.மீ. துளை போட்டு இரண்டு பக்கத்துக்கும் கம்பி செருகி ஒட்டுங்கள்.

வளைந்த ரெசின், வளையும் பிளாஸ்டிக் ஈட்டிகளை வெந்நீரில் அரை நிமிடம் வைத்து, நேராக்கிப் பிடித்தபடியே ஐஸ் தண்ணீரில் முக்குங்கள். 3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழையில் அச்சிட்டவை 60 டிகிரி வாக்கில் இளகிவிடும், வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப் போகாதீர்கள்.

பேஸில் (பொம்மை நிற்கும் அடித்தட்டில்) பூஞ்சை, எறும்பு

வைகை மணலைச் சல்லடையில் சலித்து, நல்ல தண்ணீரில் கழுவி, பழைய வாணலியில் வறுத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். காய்ந்த டீத்தூள் காட்டுத் தரைக்கு அருமையாக இருக்கும், ஆனால் பால், சர்க்கரை போட்டுக் கொதித்த டீத்தூள் எறும்பைக் கூப்பிடும், மழைமாதத்தில் பூஞ்சை பூக்கும். பலமுறை அலசி, வறுத்து, பிறகு ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்த கரைசலால் நனைத்து மூடுங்கள். தென்னை நார், உலர்ந்த வேர் எல்லாவற்றுக்கும் இதே முறை. அட்டையில் ஃபெவிகால் பூசினால் காயும்போது வளையும், 3 மி.மீ. எம்டிஎஃப் பலகை வளைவது அரிது.

எதுவும் சரிவரவில்லை, கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும்

உலோகத்துக்கும் கெட்டி பிளாஸ்டிக்குக்கும் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். மூடிய கண்ணாடிப் பாட்டிலில் சில மணி நேரம் ஊறவைத்து, டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் பெயிண்ட் வழன்று வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. ரெசினை நீண்ட நேரம் ஊறவிட வேண்டாம், அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் உலோகத்துக்கு மட்டும். பிளாஸ்டிக் பொம்மை அதில் உருகிவிடும்.

டெட்டாலில் ஊறவைப்பவர்கள், எடுத்ததும் தண்ணீரில் காட்டாதீர்கள். கரைந்த பெயிண்ட் தண்ணீர் பட்டதும் தார்ப்பசையாக மாறி மடிப்புகளில் ஒட்டிக்கொள்ளும். புது டெட்டாலிலேயே தேய்த்து எடுத்து, டிஷ்யூவால் துடைத்துவிட்டு, அதன் பிறகே சோப்புத் தண்ணீர். பழைய நிறத்தின் சாயல் பிளாஸ்டிக்கில் ஏறியிருந்தால் கவலை வேண்டாம், பிரைமர் அதை மூடிவிடும். விரல் ஓட்டிப் பார்த்து மேடு தட்டாவிட்டால் போதும்.